கொக்கி பட்ட கண்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் பல வருஷம் டிரைவராக இருந்தேன். அந்த வேலையில் என் மேல் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. கண்ணில் அடிபட்டது என் வீட்டு வாசலில், நின்றுகொண்டிருந்த பைக்கால்.

அன்று எனக்கு லீவு. எண்ணெய் ஆட்டுவதற்காக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றி, எலாஸ்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்துக் கொக்கியை மாட்டிவிட்டு, கயிற்றை இழுத்து மறுபக்கம் மாட்டப் போனேன். முதலில் மாட்டியது கழன்று வந்து இடது கண்ணில் அடித்தது. கன்னத்தில் சூடாக ஏதோ வழிந்தது. கையை எடுத்துப் பார்த்தேன், ரத்தம்.

சத்தம் கேட்டு என் மனைவி ஓடிவந்தாள். என்னோடு அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், எனக்குத் தம்பி மாதிரி, பக்கத்துத் தெருதான். அவனுக்கு போன் போட்டதும் ஆட்டோவோடு வந்துவிட்டான். திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கண்ணைக் கழுவவும் விடவில்லை, தொடவும் விடவில்லை. ஒரு பேப்பர் கப்பை வெட்டி, கண்ணில் அழுத்தாதபடி மேலே வைத்து பிளாஸ்திரி ஒட்டினார். ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் கூடாது என்று சொல்லி விழுப்புரத்துக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். படுத்துக்கொண்டு போனாலும் வண்டி குலுங்குவதை வைத்தே எனக்குக் கூட்டேரிப்பட்டும் விக்கிரவாண்டியும் தெரிந்தன. கண் பக்கம் போன என் கையை மனைவி வழி முழுக்கப் பிடித்து இறக்கிக்கொண்டே வந்தாள்.

விழுப்புரத்தில் பார்த்த கண் டாக்டர் ஒரு பெண், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். காலையில் நான் இட்லி சாப்பிட்டிருந்ததால் மயக்கம் கொடுக்கச் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்.

"கருவிழி கிழிஞ்சிருக்கு. இன்னைக்கு அதைத் தைச்சு மூடணும். பார்வை எவ்வளவு வரும்னு இப்பவே சொன்னா அது பொய்யாயிடும்."

பஸ் ஓட்ட முடியுமா என்று கேட்டேன். முதலில் கண்ணைக் காப்பாற்றுவோம் என்றார்.

மறுநாள் கட்டைப் பிரித்து, டார்ச் அடித்து, வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. கையை ஆட்டினார். ஏதோ ஆடுவது மட்டும் தெரிந்தது. டாக்டருக்கு அதிலேயே சந்தோஷம். எனக்கு ஒன்றும் சந்தோஷமாயில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் விழித்திரை கிழியவில்லை, லென்ஸ்தான் அடிபட்டுப் பால்போல் வெளுத்துவிட்டது என்று விளக்கினார். தையல் ஆறினபிறகு அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கலாமாம். அபூர்வமாக அடுத்த கண்ணும் கெடலாமாம், அதனால் அடிபடாத கண் சிவந்தாலோ மங்கினாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் வரவேண்டும் என்றும் சொன்னார்.

ஆறுகிற வரைக்கும் வீட்டில் என் மனைவியின் ராஜ்யம். குனியக் கூடாது, குடத்தைத் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது இமைத்துவிட்டால் திட்டு விழும். இரண்டாவது ஆபரேஷனுக்கும் அவள்தான் கூட வந்தாள். அடுத்த நாள் கட்டைப் பிரித்தபோது எனக்கு முதலில் தெரிந்தது அவள் புடவையின் மஞ்சள். கொஞ்சம் பொறுத்து முகமும் தெரிந்தது, ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவள்போல.

பிறகு தையல் பிரித்து, கண்ணாடி போட்டதும், எழுத்துப் பலகையில் பாதிவரை வாசித்தேன். ஆனால் எதிரே வரும் லைட் ஒவ்வொன்றும் பூவாய் விரிந்து கண்ணைக் கூசவைத்தது. எது கிட்டே, எது எட்ட என்று பிடிபடாமல் டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினேன். இல்லாத படியில் காலை வைத்தேன். நாளாக ஆகக் கை பழகும், ஆனால் பஸ் ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். நானும் எதிர்பார்த்ததுதான். வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. இனிமேல் ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "மொத நாளு அந்த டாக்டரம்மா என்னைத் தனியா கூப்ட்டுச் சொன்னாங்க, தைக்க முடியலன்னா கண்ணையே எடுக்க வேண்டி வரும்னு. அத வயித்துல நெருப்பா கட்டிக்கினு சுத்தினேன், உன்கிட்ட சொல்லல. இப்ப ரெண்டு கண்ணும் இருக்குது. வேலை வேற பாத்துக்கலாம், சாப்புடு."

சொட்டு மருந்து விடும்போது நான் இமைத்தால் ஏன் அப்படித் திட்டினாள் என்று அப்போதுதான் விளங்கியது. சாப்பிட்டேன்.

முதலாளி என்னை விட்டுவிடவில்லை. செக்கிங் வேலைக்கு மாற்றினார். முதல் நாள் நான் ஏறியது என் பழைய பஸ்ஸில். புது டிரைவர் கியர் போடும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கண்டக்டர் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இத்தினி வருஷம் ரோட்டப் பாத்துக்கினு இருந்த. இனிமே என்னைப் பாத்துக்கினு இருக்கப் போறியாண்ணே?"

ஆமாம் என்று சொல்லி, ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கிப் பார்த்தேன். அவன் கணக்கு சரியாக இருந்தது. விழுப்புரத்தில் இறங்கியதும் இருவரும் டீ குடித்தோம்.

இப்போதும் மாதம் தவறாமல் டாக்டரிடம் காட்டப் போகிறோம். நான் பஸ் ஓட்டிய நாளெல்லாம் மனைவி அந்தப் பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டில் உட்காருவாள். கண்ணாடியில் அவள் தலை மட்டும் எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஒரே சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனது குறைவு. போன தடவை செக்கப் முடிந்து திரும்பும்போது என் பழைய பஸ்ஸிலேயே அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். கொய்யாப்பழம் வாங்கி, பாதியை எனக்குக் கொடுத்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தப் புது டிரைவர் பள்ளத்தைப் பார்த்து மெதுவாக இறக்கி ஏற்றினான். நல்லாத்தான் ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.