செல்வராஜ் அண்ணனும் அந்த அத்தை சீரும்

செல்வராஜ் அண்ணன் போய்விட்டார்… காலையில் பஸ்ஸில் வரும்போது வாட்ஸப்பில் பார்த்தேன். நேற்று சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் இறங்கி ஆபீஸ் போகாமல் திருவாரூர் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் இதை எழுதுகிறேன், அழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன்.

முன்பு நான் நன்னிலம் பக்கம் ஒரு நெல் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். விவசாயிகளிடம் நேரடியாக நெல் வாங்குவார்கள். அண்ணன் அங்கே ஈரம் பார்ப்பவர். மீட்டர் கையில் இருந்தாலும் முதலில் ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடிப்பார். ‘டக்’கென்று சத்தம் வந்தால்தான் மூட்டை இறங்கும்.

நெல் கொண்டு வருபவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று கம்பெனி ரூல். டீ கூட. நான் தீபாவளி முறுக்கு நீட்டினால், “இது ரூல்ல வராதுல்ல மேடம்?” என்று நக்கலடித்துவிட்டு நாலாக எடுத்துக்கொள்வார்.

அமுதா என்று ஒரு அம்மா, எங்களுக்கு நெல் போடும் விவசாயி. ஒருநாள் அவர் நெல் களத்தில் கிடக்க, மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் போன அண்ணன் பைக்கை நிறுத்தித் தார்ப்பாயை இழுத்து மூடிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அமுதாவுக்கு இவர் ‘அண்ணே’. இவருக்கும் கூடப் பிறந்த பெண் கிடையாது.

அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அமுதா அத்தை முறைக்குச் சீர் எடுத்து வந்தார். ஏழு தட்டு, ஒரு குத்துவிளக்கு. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை… போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். “தங்கச்சி வீட்டுச் சீர்” என்று.

மேனேஜரும் பார்த்தார், லஞ்சம் என்றார். லஞ்சம் வாங்குகிறவன் அதை ஸ்டேட்டஸ் வைப்பானா? இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அடுத்த வாரமே அமுதாவின் லோடு வந்தது. அண்ணன் கடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு வெயில் காட்டணும் தாயி, எடுத்துட்டுப் போ” என்றார். அமுதா டிராக்டரைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை வந்தது. விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வார்னிங்கோடு போய்விடும் என்றார்கள்.

“சீரைத் திருப்பிக் குடுத்தா உறவே வேணாம்னு அர்த்தம் சார். அது என்னால ஆவாது.”

தமிழில் மூன்று பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தார். ஹெட் ஆபீஸுக்கு இங்கிலீஷில் போக வேண்டும். மாற்றியது நான்தான்.

மேனேஜர் பக்கத்தில் நின்று, “சுருக்கமா போடுங்கம்மா” என்றார். சீர் என்ற இடத்தில் கிஃப்ட் என்று போட்டேன். தங்கச்சி என்ற இடத்தில் சப்ளையர். லோடைத் திருப்பி அனுப்பியதை எழுதவே இல்லை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

அண்ணனுக்கு வேலை போனது.

அப்புறம் மினி லாரி ஓட்டினார். ஒருநாள் கடைத்தெருவில் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார். “நீங்க நல்லாத்தான் எழுதியிருப்பீங்க மேடம். நம்ம நேரம்…” என்றார்.

சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று கிளம்பினேன். பஸ் வரவில்லை.

இப்போது அவர் தெருமுனையில் நின்று இதை முடிக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்… தலைமாட்டில் அந்தக் குத்துவிளக்குதான் எரிகிறது.

அமுதா கோடித்துணித் தட்டோடு வந்திருக்கிறார். என்னைப் பார்த்து, “நீங்கதான ஆபீஸ்ல இருந்தவங்க?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

“அண்ணன் உங்களப் பத்திச் சொல்லியிருக்கு. அண்ணனுக்காக இங்கிலீஷ்ல அவ்வளவு எழுதிக் குடுத்தீங்களாமே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கையை எடுக்கவும் முடியவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

அண்ணே… தங்கச்சின்னு போட்டிருக்கணும். நான் போடல.

போயிட்டு வாங்க.