யாரும் எடுக்காத கிளிப்

இதை எழுத உட்காரும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எழுதி முடித்ததும் மறுபடி கழுவுவேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நம்பாதவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் நண்பன் ஸ்கூலி பார்த்தான், நான் பார்த்தேன். அதற்குமேல் சாட்சி தேட எனக்குத் தெம்பில்லை.

எங்கள் ஊர் ஐஸ்லாந்தின் வடக்கே, கடல் உள்ளே நுழைந்து நிற்கும் ஒரு மலையிடுக்கில் இருக்கிறது. பிப்ரவரி முதல் சனிக்கிழமை ஊர் விருந்து. தோர்ராப்லோட் என்போம். மோர்த்தெளிவில் ஊறிப் புளித்த கிடா விதை, மாதக்கணக்கில் அழுக வைத்த சுறா, தீயில் பொசுக்கிய ஆட்டுத்தலை... எல்லாமே தின்பேன். ஆட்டுத்தலையில் கண்ணைக்கூட விடமாட்டேன். அருவருப்பு என்பது எனக்கு லேசில் வருகிற சமாசாரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

விருந்தின் நடுவே ஒரு படம் போடுவோம். அந்த வருஷம் ஊரில் யார் யார் எப்படி அசடு வழிந்தார்கள் என்று நாங்களே நடித்து, நாங்களே எடுத்த படம். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கேலிக்கு ஆளானவர் அரங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரில் இல்லாதவரைத் தொடக்கூடாது.

இந்த வருஷம் தொட்டோம். மார்டெய்ன் கிழவரை.

மார்டெய்ன் தனிக்கட்டை. மூக்குப்பொடி போடுகிறவர். பொடி மூக்கிலிருந்து பழுப்பாக ஒழுகி மீசையில் இறங்கும். அதை ஒரு ஈர உறிஞ்சலில் உள்ளே இழுத்துக்கொள்வார். "ஸ்ஸ்...ளக்." கூட்டுறவுக் கடையில் அவர் பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. போன இலையுதிர் காலத்தில் ஆடுகளை விற்றுவிட்டு, தெற்கே தலைநகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

"கெழவர்தான் ஊர்லயே இல்லையே, அவருக்கென்ன தெரியப்போவுது?" என்றாள் ப்ரின்யா. விருந்துக் குழுவின் தலைவி அவள். போன வருஷம் படம் பாதியில் உறைந்து நின்று, ஒரு வருஷம் முழுக்க ஊர் அவளைப் பார்த்துச் சிரித்தது. இந்தத் தடவை படம் ஓடியே ஆக வேண்டும். எடிட்டிங் என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மார்டெய்னின் காலி ஆட்டுக்கொட்டகையில் படம் எடுத்தோம். தளம் மரச்சட்டங்களால் ஆனது. சட்டத்துக்குச் சட்டம் விரலிடை சந்து. புழுக்கையும் மூத்திரமும் அதன் வழியாகக் கீழே குழியில் விழும். வருஷத்துக்கொருமுறை, வெளிச்சுவரின் அடியில் இருக்கும் சிறிய கதவைத் திறந்து வாருவார்கள். அந்த வருஷத்தது வாரப்படவே இல்லை. ஸ்கூலி கிழவராக நடித்தான். மூக்கில் பஞ்சு அடைத்து, அதில் காப்பிச் சக்கை அப்பி, கடைசிக் கிடாவுக்குப் பிரியாவிடை சொல்லி அழுதான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இனி என் வேலை.

நான் ஒழுங்குக்காரன். ஹார்ட் டிஸ்கில் ஒரு பெரிய ஃபோல்டர். அதற்குள் ப்ரின்யாவின் போனுக்கு ஒன்று, ஸ்கூலியின் மனைவி போனுக்கு ஒன்று, என் கேமராவுக்கு ஒன்று. மூலத்தைத் தொடமாட்டேன், நகல் எடுத்துத்தான் வேலை. எடிட்டிங்கின் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் படம் எதுவும் இருக்காது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எந்தக் கிளிப் எங்கே கிடக்கிறது என்ற வழி மட்டும்தான் அதில் இருக்கும். ஃபைலை நகர்த்தினால் வழி தவறிவிடும். அதனால் நான் எதையும் நகர்த்துவதில்லை.

புதன்கிழமை மாலை ஆறு மணி. வெளியே ஏற்கெனவே இருட்டு. பெரிய ஃபோல்டரைத் திறந்தேன்.

மூன்று ஃபோல்டர்களுக்கும் வெளியே, தனியாக ஒரு கிளிப். 0417.

நான் வைக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். கருப்பு. அதில் மங்கலாகச் சில வெள்ளைக் கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். ஏதோ ஈரமான சத்தம். நடுநடுவே படம் ஒரு நொடி வெட்டி வெட்டி இருண்டது. போனைப் பாக்கெட்டில் போட்டபடி யாரோ தெரியாமல் எடுத்தது என்று நினைத்தேன். ப்ரின்யாவைக் கூப்பிட்டேன்.

"ப்ரின்யாக்கா, பாக்கெட்டுல போன் ஓடிட்டிருந்துச்சா?"

"என் பாக்கெட்டுல கைக்குட்டைக்கே எடமில்ல. ஏன்டா?"

"ஒரு கிளிப் கூடுதலா கெடக்கு. வெறும் கருப்பு."

"கருப்புன்னா தூக்கிப் போடு. சனிக்கிழமை படம் நின்னுச்சு, அடுத்த வருஷம் மோர்ல ஊறுறது உன்னோட விதைதான்."

அழித்துவிட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பிறகு ஒலியைச் சுத்தம் செய்தேன். ஸ்கூலி அழும் இடத்தில் அடியில் ஒரு "தட்... தட்..." வந்துகொண்டிருந்தது. காற்றில் கூரைத் தகரம் அடித்திருக்கும். அதையும் நீக்கினேன்.

எழுந்தபோது மேசையைச் சுற்றி நாற்றம். ஆட்டு மூத்திரம், பழைய ஈரக் கம்பளி, அதற்கு அடியில் இனிப்பாக வேறொன்று. செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தம். கீபோர்டை முகர்ந்தேன்.

அதிலிருந்துதான் வந்தது.

வியாழன். மூன்று மணி. ப்ராஜெக்டைத் திறந்ததும் திரையில் ஒரு அறிவிப்பு. "0417 காணவில்லை. எங்கே இருக்கிறது?"

நான் அந்தக் கிளிப்பைப் படத்தில் சேர்க்கவே இல்லை. ஆனால் ஸ்கூலி அழுது முடிக்கும் இடத்தில், சிவப்பாக ஒரு கட்டம் உட்கார்ந்திருந்தது. ஃபோல்டரைப் பார்த்தேன்.

0417 திரும்பி வந்திருந்தது.

ஸ்கூலியை வரச் சொன்னேன். வாயில் உலர்ந்த மீனை மென்றுகொண்டே வந்தான்.

"என்னடா உன் வீட்ல இந்த நாத்தம்? குளிச்சு எத்தன நாளாச்சு?"

"உக்காரு. இதப் பாரு."

"பேய்ப் படமா? டிக்கெட் எவ்வளவு?"

போன்கள் எடுக்கும் ஃபார்மேட் சிக்கனமானது. ஒரு படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். ஓட்டிப் பார்க்க அது போதும். நிறுத்தி நிறுத்தி, நொடியைப் பிய்த்துப் பார்க்க அது ஆகாது. அதற்கு ஒவ்வொரு படமும் முழுப்படமாக இருக்கும் பெரிய ஃபார்மேட்டுக்கு மாற்ற வேண்டும். கிளிப்பின் தொடக்கத்தை மட்டும் வெட்டி மாற்றினேன். இருட்டைக் கொஞ்சம் வெளுக்க வைத்தேன்.

கோடுகள் தெளிந்தன.

சந்துகள். மரச்சட்டங்களுக்கு நடுவே இருக்கும் சந்துகள்.

கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தது.

மேலே பூட்ஸ்கள் நடந்தன. ஒவ்வொரு மிதிக்கும் ஈரமாக ஏதோ சொட்டியது. நேராக நம் முகத்தின் மேல். யாரும் அதைத் துடைக்கவில்லை. மேலேயிருந்து ஸ்கூலியின் அழுகை அமுங்கிக் கேட்டது. பிறகு எங்கள் சிரிப்பு. பிறகு, மிகப் பக்கத்தில்... "தட்... தட்..."

ஸ்கூலி மெல்லுவதை நிறுத்தினான்.

"அந்த பூட்ஸ் என்னுது. குதிகால்ல ஒட்டுப் போட்டிருக்கேன், பாரு."

"கீழ யாரு போன வெச்சது?"

"கீழ எவன்டா போவான்? கழுத்தளவு பீ."

அப்போது கேட்டது.

"ஸ்ஸ்...ளக்."

"அது நீ நடிச்சதா?" என்றேன்.

"மூக்குல பஞ்சு இருந்துச்சுடா. என்னால உறிஞ்ச முடியாது."

படம் வெட்டி இருண்டது. அந்த இடத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன்.

முதல் படம். சந்துகள், பூட்ஸ்.

அடுத்தது. மேல் விளிம்பில் ஒரு பழுப்புத் திரை இறங்கியிருந்தது.

அடுத்தது. பாதி வரை.

அந்தத் திரையின் ஓரத்தில் மயிர். வரிசையாக. ஒவ்வொரு மயிரிலும் சாணம் முத்து முத்தாகக் கோத்திருந்தது.

அடுத்தது. முழு இருட்டு.

அடுத்தது. திரை மேலே ஏறியது. அதன் கீழே சளி நூல் நூலாக இழுபட்டது.

அது கேமரா இல்லை.

கண்.

ஸ்கூலி என் குப்பைக் கூடையை இழுத்து அதில் வாந்தி எடுத்தான். மீன் வாசனையோடு அந்த நாற்றமும் சேர்ந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ப்ரின்யாவுக்குப் போன் போட்டேன்.

"சனிக்கிழமை படம் கெடையாது."

"என்ன வெளையாடுறியா? நூத்திச்சொச்சம் பேரு வராங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..."

"மார்டெய்ன் தங்கச்சி நம்பர் உங்ககிட்ட இருக்கா? கெழவர் அங்க இருக்காரான்னு கேளுங்க. இப்பவே."

நாங்கள் வண்டியில் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ப்ரின்யா திரும்பக் கூப்பிட்டாள். குரல் ஒடுங்கியிருந்தது.

"போன சனிக்கிழமையே கெளம்பிட்டாராம். விருந்துக்குப் போறேன்னு."

கொட்டகையின் வெளிச்சுவரில் அந்தச் சிறிய கதவு தெரியவில்லை. கூரையிலிருந்து சரிந்த பனி அதை மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பனிமேட்டின்மேல் ஏறி நின்றுதான் வெளிக்காட்சியை எடுத்தேன். மண்வாரியால் வெட்டினோம். கதவு திறந்தது.

நாற்றம் முதலில் வந்தது.

என் மேசையில் இருந்த அதே நாற்றம்.

டார்ச் அடித்தேன்.

மல்லாந்து கிடந்தார். மார்புவரை உள்ளே. வாய் ஒரு பக்கமாகக் கோணி இருந்தது. மீசை எது, சாணி எது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே நீட்டி, பக்கத்துத் தூணைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரல் முட்டிகளில் தோல் இல்லை.

திறந்த வாயில் ஏதோ நெளிந்தது. புழுவா, சொட்டிய நீரில் வெளிச்சம் ஆடியதா, தெரியாது. நான் குனிந்து பார்க்கவில்லை.

கண்கள் மேலே பார்த்தபடி இருந்தன.

ஸ்கூலி என் சட்டையைப் பிடித்தான்.

"நாம சிரிச்சோமேடா."

நான் டார்ச்சை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை மருத்துவர் சொன்னார். உறைந்த தண்ணீர்க் குழாயைப் பார்க்கக் குழிக்குள் நுழைந்திருக்கலாம். உள்ளே வாதம் அடித்திருக்கிறது. நாக்கு இழுத்துக்கொண்டதால் கூப்பிட முடிந்திருக்காது. இறந்தது செவ்வாய்க்கிழமை.

நாங்கள் படம் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை.

அவர் போன் வைத்துக்கொண்டதே இல்லை. குழியை ஒட்ட வாரிப் பார்த்தார்கள். கேமரா என்று எதுவும் அகப்படவில்லை. சனிக்கிழமை விருந்து நடக்கவில்லை. சமைத்ததையெல்லாம் ப்ரின்யாவே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டினாள். அன்றிலிருந்து நான் புளித்தது எதையும் தொடுவதில்லை. வாய்க்குக் கொண்டுபோனால் அந்த இமை மயிர்கள் நினைவுக்கு வருகின்றன.

ஹார்ட் டிஸ்கைப் போலீஸ் எடுத்துக்கொண்டுபோனது. நான் பார்த்தது முதல் சில நிமிடங்கள்தான். அதற்குமேல் பார்க்க எனக்குத் துணிவில்லை. அங்கே ஒரு பெண், ஃபைல்களைப் பிரித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள், முழுவதையும் உட்கார்ந்து பார்த்தாள். மூன்று வாரம் கழித்து அவளே எனக்குப் போன் செய்தாள். அந்தக் கிளிப்பை யார் எடுத்தது என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"அதோட நீளம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அம்பத்தோரு மணி நேரம். ஞாயித்துக்கெழமையிலேர்ந்து செவ்வாய் சாயங்காலம் வரைக்கும்."

விரல்விட்டு மணியை எண்ணிப் பார்த்தேன்.

"கடைசி ஒரு மணி நேரம்," என்றாள், "அது சிமிட்டவே இல்லைங்க."