மொத்தமாகவா, மாதாமாதமா

எழுபதுகளின் நடுவில் அப்பா அரசாங்க ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனபோது எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். பென்ஷனை முழுதாக மாதாமாதம் வாங்குவதா, அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக மொத்தமாக ஒரு தொகை வாங்குவதா? விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதான், திரும்ப வராது. நெடுநாள் இருக்கிறவருக்கு நஷ்டம், சீக்கிரம் போகிறவருக்கு லாபம். இதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் ஸ்ரீவராகம் பகுதியில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

அம்மா மொத்தப் பணத்தின் கட்சி. காரணம் நான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கல்யாணமாகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைக் காட்டிக்காட்டியே பேசுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைக் கரையேற்ற அப்பாவின் பென்ஷனையா விற்க வேண்டும்?

எங்கள் தெருவில் யோசனை கேட்பது லேசான காரியமில்லை. கேட்டால் கேட்டபடி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால், "பின்னே எதுக்கு எங்கிட்ட வந்து கேட்டே?" என்று வருஷக்கணக்கில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். இது தெரிந்தும் அப்பா முதலில் தன் அக்காவின் கணவரிடம், எங்கள் அத்திம்பேரிடம், போய்க் கேட்டுவிட்டார். அவருக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. "மொத்தமா வாங்கி நம்ம கடையில போடு. பாங்க்காரன் தரதைவிட ஜாஸ்தியா தரேன்" என்றார். அடுத்துப் போய்க் கேட்ட பாங்க் மானேஜர் காப்பி வரவழைத்துக் கொடுத்து, அவருடைய பாங்க்கிலேயே டெபாசிட் போடச் சொன்னார். பென்ஷன்காரர்கள் சங்கத்துக்காரரோ, ஒரு பைசா விட்டுக்கொடுக்கக் கூடாது, சட்டத்தையே மாற்றப் போகிறோம், கொடி பிடிக்க வாருங்கள் என்றார்.

"நம்மகிட்டேருந்து ஒண்ணும் வேண்டாதவனா ஒருத்தன் சொல்லணும்" என்று அப்பா புலம்ப ஆரம்பித்தார். அப்படிப் பார்த்தால் நானும் தேறமாட்டேன். எனக்கு அப்பா வேண்டும்.

ஒருநாள் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கி, ஒரு கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மறுநாள் வலுக்கட்டாயமாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். எங்களை முன்பின் தெரியாத மலையாளி டாக்டர். நெஞ்சைச் சோதித்து முடித்ததும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அப்பா அவரிடமும் பென்ஷன் கேள்வியைக் கேட்டுவைத்தார். எனக்கு மானம் போயிற்று. டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்.

"சாரே, மொத்தமா வாங்கிக்கோ. காத்திருக்கண்டா" என்றார்.

காத்திருக்க வேண்டாமென்றால், நாள் அதிகமில்லை என்றுதானே அர்த்தம்? திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா உரக்கப் பேசிக்கொண்டே வந்தார். "பாத்தியா, இவருக்கு நம்மகிட்ட ஒண்ணும் வேண்டாம். இதாக்கும் நேரான யோசனை." என் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே, "உன் கட்சி ஜெயிச்சாச்சு, டாக்டரே சொல்லிட்டார்" என்றார் அம்மாவிடம்.

"டாக்டரா? அவர் எதுக்கு அப்படிச் சொன்னார்?"

அப்பா கால் அலம்பப் போய்விட்டார். நான்தான் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"அந்தப் பணம் இந்த ஆத்துக்குள்ள வரப்படாது. மாசாமாசம் வரட்டும். நீங்களே ட்ரஷரிக்குப் போய் வாங்கிண்டு வரணும்."

"இவ கல்யாணம்?"

"அது நடக்கறப்போ நடக்கும்."

"யோசனை கேட்டாச்சேடி" என்றார் அப்பா, பலவீனமாக.

"அவர் மூஞ்சியைத் திருப்பிண்டா திருப்பிண்டு போகட்டும்!"

அப்படியே நடந்தது. மாதப் பிறப்பில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ட்ரஷரிக்குப் போவார். அவர் திரும்பும்வரை அம்மாவுக்கு ஒரு வேலையும் ஓடாது. வந்து பணத்தைக் கையில் கொடுத்தால் எண்ணிப் பார்க்கமாட்டாள். அவர் முகத்தைத்தான் பார்ப்பாள்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. துக்கம் கேட்க வந்த அத்திம்பேரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அன்னிக்கே நான் சொன்னேன். மொத்தமா வாங்கியிருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்! இப்ப பாரு, எல்லாம் நஷ்டம்" என்றார்.

அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லை. ஒவ்வொரு மாசமும் திரும்பி வந்தாரே."