ஓட்டை போடாத வயிறு

இந்த ஊரில் குடலைப் பற்றிப் பேச யாரும் கூசுவதில்லை. ஸ்காட்லாந்துக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேல் தலையை நீட்டி, இன்று குளிர் அதிகம், மழை வரும்போலிருக்கிறது, தனக்கு வயிறு இளகி ஒரு வாரமாகிறது என்று ஒரே மூச்சில் சொன்னாள். என்ன சொல்வதென்று தெரியாமல் ‘தேங்க் யூ’ என்றேன். நான் செவிடன் என்று முடிவுகட்டி, அன்று முதல் என்னிடம் கத்தித்தான் பேசுகிறாள்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சிப் பக்கத்து எங்கள் ஊரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. விடியுமுன் ஆண்கள் காட்டுப் பக்கம் போவார்கள், வருவார்கள், அவ்வளவுதான். என்னைப் பெற்ற அய்யன் எத்தனை மாதம் மலத்தில் இரத்தம் போனதென்று கடைசிவரை சொல்லவில்லை. சூட்டு மூலம் என்று அவரே முடிவு செய்து, துத்திக்கீரையும் மோரும் சின்ன வெங்காயமுமாக ஓட்டியிருக்கிறார். எங்களைப் பெற்றவள் இறந்தபின் சோறாக்கிப் போடும் அக்காவுக்கே, அவர் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியபோதுதான் சந்தேகம் வந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், இங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் என் பிழைப்பே குடல்தான். குடலின் உட்சவ்வில் செல்கள் அடியில் பிறந்து, மேலே நகர்ந்து, உதிர்ந்துவிடும். வழியிலேயே இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட வேண்டும் என்பது முறை. நிறுத்தத் தெரியாதவை கட்டியாகின்றன. ‘இப்போது பிரி’ என்று செல்லுக்குள் எது சொல்கிறது? பிரிந்துகொண்டிருக்கும் செல்லையும் சும்மா இருக்கும் செல்லையும் ஒன்றாக இணைத்தால், சும்மா இருந்ததும் பிரியக் கிளம்பிவிடுகிறது. ஏதோ ஒரு புரதம் தூண்டுகிறது என்று ஊகிக்கிறோம். அது இன்னதென்று தெரியாது, பெயர்கூட வைக்கவில்லை. அக்கா மட்டும் ஊரெல்லாம், தம்பி புத்துநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அக்காவின் தந்தி கிடைத்து ஊருக்கு ஓடினேன். கோயம்புத்தூர் சர்ஜன் விரலால் சோதித்துப் பார்த்துவிட்டு, மலக்குடலில் கட்டி, வெட்டியெடுத்துவிட்டு மலம் வெளியேற வயிற்றில் வழி வைக்கவேண்டும் என்றார். அதைக் கேட்டதும் அய்யன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், கோயில் முன் நடும் கம்பத்துக்கு முதல் குடம் நீர் ஊற்றும் உரிமை எங்கள் வீட்டுக்கு.

“வயித்துல ஓட்டைய வெச்சுக்கிட்டு மாரியாத்தா முன்னால எப்படி நிக்கறது கண்ணு? மூலம்னே இருந்துட்டுப் போயிர்றேன்.”

நானும் அக்காவும் அழுது கெஞ்சி, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம். ஆபரேஷன் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. சர்ஜன் என்னைத் தனியே அழைத்து, ஈரல்வரை பரவிவிட்டது, திறந்த வயிற்றை எதையும் தொடாமல் அப்படியே மூடித் தைத்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வார்டுக்குத் திரும்பினால் அக்கா போர்வையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் நடுவில் நெடுக்காகத் தையல். ஓட்டை எதுவும் இல்லை.

“ஓட்டையே போடலீங்கய்யா! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா” என்றாள்.

அய்யன் மயக்கம் முழுதும் தெளியாமலே கைகூப்பினார். சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்து எவனால் சொல்ல முடியும்? தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவரே சட்டையைத் தூக்கிக் காட்டினார். நானும் கூட நின்று சிரித்தேன். அப்படிச் சிரிப்பது என்ன பாடு என்பதை எழுதத் தெரியவில்லை.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபோது, நோம்பியை ஊருக்கு அறிவிக்கும் பூச்சாட்டு வந்தது. கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. என் விடுமுறையோ முடிந்துவிட்டது. கட்டுப்பாட்டைச் சொல்லி அய்யன் நிறுத்தினால் நின்றுவிடலாம், வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தேன். “சாட்டிட்டாங்களேங்கய்யா, எப்படிங்க போறது?” என்று கேட்டேன்.

“உனக்கேது சாட்டு? நீ கடல் தாண்டிப் போனவன், ஊர்க் கணக்குல வரமாட்ட. போயிட்டு வா கண்ணு. அடுத்த நோம்பிக்கு வந்துரு, எனக்குத்தான் சொகமாயிருச்சே.”

பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இங்கே வந்த மறுநாள், என்னோடு வேலை செய்யும் ஜேனட் அய்யனுடைய ஆபரேஷனைப் பற்றி விசாரித்தாள். வயிற்றில் வழி எதுவும் வைக்காமலே மூடிவிட்டார்கள் என்றேன். வழி வைக்காமல் மூடினால் கட்டியை எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். கையிலிருந்த கண்ணாடித் தட்டை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். ஊரில் அப்போது சாயங்காலம். அய்யனை ஒருநாளும் பார்த்திராதவள் இங்கே அவருக்காக அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில், அவர் ஈர வேட்டியோடு, ஓட்டையில்லாத வயிறு ஊருக்கெல்லாம் தெரிய, கம்பத்துக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்திருப்பார்.