திட்டில் நான்கு பேர்

மகள் கேட்டது கடல். போனில் ஏதோ ஒரு வீடியோ பார்த்திருந்தாள். ஏதோ ஒரு நகரம். படகில் அரை மணி நேரம் போனால் ஒரு தீவு. மணலில் வரிசையாகக் கூடாரம். காலையில் கூடாரத்து ஜிப்பைத் திறந்தால் எதிரே அலை. "நம்மளும் போவோம்மா" என்று ஒரு வாரம் பின்னாலேயே திரிந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. மதுரையில் இருந்துகொண்டு பக்கத்தில் தீவு வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்?

அப்போதுதான் வைகையில் இருக்கும் திட்டு ஞாபகம் வந்தது. சோழவந்தானுக்குப் போகும் வழியில், ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் ஓர் இடத்தில், நடுவே மணல் மேடு ஒன்று உண்டு. நடுவில் ஒரு பெரிய மருத மரம், சுற்றிலும் நாணல், அதைத் தாண்டினால் வெள்ளை மணல். என் தம்பி நண்பர்களோடு அடிக்கடி அங்கே போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கிவிட்டு வருவான். தீவுதானே அதுவும். மணலும் இருக்கிறது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், மகளுக்காக மட்டும் நான் அதை நினைக்கவில்லை.

என் தம்பியும் என் கணவரும் பேசி ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. எங்கள் அப்பா நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்தபோது, தம்பி கடைக்குச் சரக்கு எடுக்க சூரத் போயிருந்தான். உடனே ஆபரேஷன் செய்தால் நல்லது, மகன் வரும்வரை காத்திருப்பது உங்கள் இஷ்டம் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். தம்பி ரயிலில் இருந்து இறங்கி நேராக வந்தவன், கூட்டம் கூடியிருந்த எங்கள் வாசலில் வைத்து, "யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றான். என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதன்பிறகு தம்பி எங்கள் வீட்டுக்கு, இவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் வருவான்.

எங்களுடையது மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். நான் சாதிக்கு வெளியே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். அப்பா என்னை ஏற்றுக்கொள்ளவே மூன்று வருஷம் ஆனது. ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு என் கணவரைக் கேட்காமல் அவர் எதுவும் செய்ததில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதென்றாலும் "மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்பார். தம்பிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போதெல்லாம் யோசித்ததில்லை.

இருவரிடமும் பொய் சொன்னேன். தம்பியிடம், "அத்தானுக்கு சைட்ல வேலை, நானும் பாப்பாவும் மட்டும்தான் வாரோம்" என்றேன். கணவரிடம், "தம்பியே கூப்பிட்டான்" என்றேன்.

ஆற்றங்கரையில் ஒருவருடைய மோட்டார் ரூம் இருந்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார். அங்கேதான் வண்டிகளை நிறுத்த வேண்டும். தம்பி பைக்கில் எங்களுக்கு முன்பே வந்திருந்தான். காரில் இருந்து என் கணவர் இறங்கியதும் அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! திரும்பிப் போய்விடுவான் என்றே நினைத்தேன். அதற்குள் மகள் ஓடிப்போய் "மாமா!" என்று அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மோட்டார் ரூம்காரர் ஐம்பது வயது மனிதர். எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வந்துருங்க. தங்காதீங்க. மேல மழை பெய்யுதுன்றாங்க" என்றார்.

"எத்தன தடவ தங்கியிருக்கோம் அண்ணே. ஒண்ணும் ஆகாது" என்றான் தம்பி.

என் கணவர் அப்போது வாய் திறந்து ஏதோ சொல்லப் போனார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். திட்டுக்குப் போகும் வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கண்ணாடி மாதிரி மணல் தெரிந்தது. மகள் கத்திக்கொண்டே குறுக்கே ஓடினாள்.

கூடாரம் ஆன்லைனில் வாங்கியது. அதைக் கட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையில் இவர், மறுமுனையில் அவன். "அப்பாவ அந்தக் கம்பிய நல்லா இழுக்கச் சொல்லு பாப்பா" என்பான் தம்பி. மூன்றடி தூரத்தில் நின்ற இவர் இழுப்பார். "மாமாட்ட சுத்தியல் இருக்கான்னு கேளு" என்பார் இவர். மகளுக்கு முதலில் விளையாட்டாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நான்கு பேரும் மணலில் உட்கார்ந்து சூரியன் நாணலுக்குள் இறங்குவதைப் பார்த்தோம். தம்பி மனைவி கொடுத்துவிட்ட புளியோதரையைப் பிரித்து வைத்தேன். இவர் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "நல்லாருக்கு" என்றார். தம்பி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருட்டும் நேரத்தில் எதிர்க்கரையில், தூரத்தில், ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு போனது. காற்றில் வார்த்தை எதுவும் புரியவில்லை. ஏதோ கோயில் திருவிழா அறிவிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அது எதற்கான அறிவிப்பு என்பது மறுநாள்தான் தெரிந்தது.

விடியும் முன்பு எனக்கு விழிப்பு வந்தது. கூடாரத்துக்கு அடியில் மணல் சில்லென்றிருந்தது. ஒரு சத்தம் கேட்டது. பெரிய துணியை யாரோ தரையில் விடாமல் இழுத்துக்கொண்டு போவது மாதிரி. ஜிப்பைத் திறந்து வெளியே வந்தேன். வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. மணல் கரை நேற்றிருந்த இடத்தில் இல்லை. எங்கள் செருப்புகள் இருந்த இடம் வழியாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நுரையும் குச்சிகளும் ஒரு முழுத் தென்னை மட்டையும் வேகமாகப் போயின. திட்டுக்கு இருபுறமும் அப்படித்தான்.

மூவரையும் எழுப்பினேன். தம்பி எழுந்து பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும், "முழங்காலுக்கு மேல இருக்காது அக்கா. இன்னும் ஏறுறதுக்குள்ள இப்பவே போயிருவோம். நான் ஆழம் பாத்துட்டு வாரேன்" என்று இறங்கினான்.

முழங்கால். தொடை. இடுப்பு. அவன் திரும்பி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அடுத்த அடியில் ஆளைக் காணோம்.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. பத்தடி தள்ளித் தலை மட்டும் மேலே வந்தது. அவன் கை ஒரு நாணல் புதரைப் பிடித்திருந்தது. என் கணவர் கூடாரத்துக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். "புடி மாப்ள! ரெண்டு கையாலயும் புடி!" அவன் பிடித்தான். இவர் பின்பக்கமாகவே நடந்து நடந்து, வழுக்கி விழுந்து, எழுந்து, அவனை மணலுக்கு இழுத்துப் போட்டார். இருவரும் கையூன்றி இருமிக்கொண்டிருந்தார்கள். மகள் என் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

தம்பிதான் முதலில் பேசினான். "உள்ள பெரிய பள்ளம் அத்தான். மணல் அள்ளுன பள்ளம். இப்ப என்ன செய்யலாம்? அந்தப் பக்கம் கடந்துருவோமா? இல்ல இங்கயே இருக்கணுமா? நீங்க சொல்லுங்க."

இவர் தண்ணீரைப் பார்த்தார். திட்டைப் பார்த்தார். "நான் சொல்ல மாட்டேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"சொல்லுங்க அத்தான். நீங்க இஞ்சினியர்தானே? தண்ணி இன்னும் ஏறுமா?"

"என்னால முடியாது மாப்ள. நான் ஒண்ணு சொல்லி அது தப்பாப் போச்சுன்னா? என்னையக் கேக்காதீங்க. யாராவது சொல்லுங்க, நான் செய்றேன்."

கம்பியை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. அப்பா போனதில் இருந்து இந்த மனிதர் எதையுமே முடிவு செய்யவில்லை. மகளை எந்த டியூஷனில் சேர்ப்பது, பழைய பிரிட்ஜை மாற்றுவதா, எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போவது, எதைக் கேட்டாலும் "நீயே சொல்லு" என்பார். எனக்கு மரியாதை தருகிறார் என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முடிவை நான்தான் எடுத்தேன். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. எல்லோரும் மருத மரத்தடிக்கு, மேட்டுக்குப் போக வேண்டும். என் போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. அவசர எண்ணுக்குப் பேசினேன். தம்பியிடம் மோட்டார் ரூம்காரரின் நம்பரை வாங்கி அவருக்கும் போட்டேன். "எறங்கிராதீங்க தாயி! எறங்கவே எறங்கிராதீங்க! நான் ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்று கத்தினார். நேற்று அணையில் இருந்து தண்ணீர் திறப்பதாக ஊர் ஊராக ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்களே, கேட்கவில்லையா என்றும் கேட்டார்.

மகளை மரத்தின் கவையில் ஏற்றி உட்காரவைத்து, கூடாரக் கயிற்றால் இவர் கட்டினார். தண்ணீர் கூடாரத்தைத் தொட்டது. பிறகு ஒரு பக்கமாகத் தூக்கி, மடக்கி, இழுத்துக்கொண்டு போனது. காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

தம்பி என் பக்கத்தில் வந்து நின்று எங்கள் சௌராஷ்டிர பாஷையில் கேட்டான். இவருக்குப் புரியக் கூடாது என்றால் நாங்கள் அதில்தான் பேசுவோம். "அன்னைக்கு நீங்க எனக்காக ரெண்டு நாள் காத்திருந்திருக்கலாமே, ஏன் காத்திருக்கல?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

ஒன்றேகால் வருஷம் சொல்லாததைச் சொன்னேன். அப்பாவுக்கு அன்று நல்ல நினைவு இருந்தது. டாக்டர் போனதும் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வந்தா பயந்துபோய் நிறுத்திருவான் மாப்பிள்ளை. அவன் வர்றதுக்குள்ள நீங்க கையெழுத்தப் போட்டுருங்க" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏன் என்ட்ட சொல்லல?"

நான் பதில் சொல்வதற்குள் மரத்தடியில் இருந்து இவர் குரல் வந்தது. பதினான்கு வருஷம் எங்கள் வீட்டில் புழங்கியவருக்கு எவ்வளவு புரியும் என்று நாங்கள் கணக்கே வைக்கவில்லை. "சொல்லாதன்னு சொன்னேன்ல" என்றார் என்னிடம். பிறகு அவனைப் பார்த்து, "உங்கப்பா உங்கள நம்பலன்னு ஆயிரும் மாப்ள. அத வச்சுக்கிட்டு நீங்க எப்படி இருப்பீங்க? அதான்" என்றார்.

தம்பி அழுவான் என்று நினைத்தேன். அவன் நீரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா சொல்லியிருப்பாரு. அதுக்கு முந்துன வருஷம் டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொன்னப்பவே வேணாம்னு நிறுத்துனது நான்தான்" என்றான். அது எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது.

அதற்கு மேல் பேச நேரம் இல்லை. தண்ணீர் மரத்துக்குப் பதினைந்து அடியில் இருந்தது. அப்புறம் பத்தடி. வேர்களில் இருந்து கறுப்பு எறும்புகள் சாரைசாரையாக மேலே ஏறின. மகள் சத்தமே இல்லாமல் அழுதுகொண்டு எறும்புகளைக் காலில் இருந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் வந்த பிறகுதான் கரையில் ஆள் தெரிந்தார்கள். மோட்டார் ரூம்காரரும், தீயணைப்புக்காரர்கள் நான்கு பேரும், பின்னால் பாதி ஊரும். ஒருவர் இடுப்பில் கயிற்றோடு, மேலே வெகுதூரத்தில் இறங்கி, நீரோடு சாய்வாக நீந்தி எங்களிடம் வந்தார். கயிற்றை மரத்தில் கட்டினார். பின்னாலேயே லாரி ட்யூப் ஒன்று வந்தது. "ஒரு தடவைக்கு ரெண்டு பேரு. மொதல்ல பாப்பா. கூட யாரு போறது? வெரசாச் சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. இவருக்கும் தெரியாது. மகள் அப்பாவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா கூடப் போ" என்றார் இவர்.

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"மாமாவுக்கு நீச்சல் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. மாமா கூடத்தான் போற." பிறகு தம்பியிடம், "விட்டுராதீங்க மாப்ள" என்றார்.

தம்பி ட்யூபுக்குள் அவளை உட்காரவைத்து, தன் கைகளை அவள் இரண்டு பக்கமும் கோத்துக்கொண்டான். அந்தப் பள்ளம் இருந்த இடத்தில் ட்யூப் ஒரு சுற்றுச் சுற்றியது. கயிறு வில்லாக வளைந்தது. இருவர் தலையும் ஒரு கணம் நுரைக்குள் போயின. இவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. ஒரு வாரம் இருந்தது அந்தத் தடம். தலைகள் மேலே வந்தன. கரையில் இருந்தவர்கள் இழுத்தார்கள். யாரோ ஒரு பெண் என் மகளைத் தூக்கித் தன் முந்தானையால் தலையைத் துவட்டுவது இங்கிருந்தே தெரிந்தது. அப்புறம் என்னையும் இவரையும் இழுத்தார்கள். அந்த இழுப்பில் எனக்கு நினைவிருப்பது வாய் நிறைய மண் ருசி மட்டும்தான்.

மோட்டார் ரூம்காரர் எங்களைத் திட்டித் தீர்த்தார். "படிச்சவங்கதானே? பச்சப் புள்ளையக் கூட்டிட்டு வந்துருக்கீங்களே, சொன்னா கேக்க மாட்டீங்களா?" தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான் அண்ணே" என்றான். இவர், "எல்லார் தப்புந்தான்" என்றார். திட்டிக்கொண்டே அவர் அடுப்பு மூட்டி எங்களுக்குப் பால் இல்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும்போது தம்பி பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு, மறுபடி அணைத்துவிட்டு, எங்கள் கார் ஜன்னல் பக்கம் வந்தான். "நாளைக்குப் போன் பண்றேன் அத்தான்" என்றான். இவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இவர் குளிக்கப் போகும்போதும் போனை எடுத்துக்கொண்டு போனார். நான்காம் நாள் சாயங்காலம், நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, ஹாலில் மணி அடித்தது. "சொல்லுங்க மாப்ள" என்று இவர் குரல் கேட்டது. பிறகு ஹாலில் இருந்து எழுந்து மொட்டை மாடிக்குப் போகும் காலடிச் சத்தம். வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். முகம் கழுவியிருந்தார்.

தோசைக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன், "நீயே சொல்லு" என்ற பதிலை எதிர்பார்த்து. "தோசைக்குச் சட்னி வேணாம், பொடி போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.