பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனவர்

"சர்வர் ஸ்லோ" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். நெய்வேலியில், சுரங்க வேலைக்கு ஒப்பந்த ஆட்களை அனுப்பும் ஒரு தனியார் கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நானும் கான்ட்ராக்ட்தான். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து, யாருடைய வேலை யாரால் நிற்கிறது என்று நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெரும்பாலும் அது ஒரே ஆளால்தான் நிற்கும். எங்கள் கேட் பாஸ் பிரிவின் அதிகாரி. சுரங்கத்தின் கேட்டைத் தாண்டி உள்ளே போக ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாதாமாதம் பாஸ் புதுப்பிக்க வேண்டும். எங்கள் பழைய சாஃப்ட்வேரில் ஒருவர் 'திருத்து' என்பதை அழுத்தினால், அவர் சேமிக்கும்வரை, அல்லது ரத்து செய்யும்வரை, மொத்தப் பட்டியலும் பூட்டிக்கொள்ளும். வேறு யாரும் ஒரு பாஸ்கூடப் போட முடியாது. இதை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிகாரியோ அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு, அடுத்த பிளாக்கிலுள்ள வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். சாப்பாட்டோடு ஒரு தூக்கமும் உண்டு.

அன்று புதுப்பிக்கும் நாள். மதியம் ஒரு மணிக்கே கவுன்ட்டர் நின்றுவிட்டது. வரிசையின் முதலில் வளையமாதேவிக்கார அம்மா ஒருவர். நிலம் சுரங்கத்துக்குப் போனபின் துப்புரவு வேலைக்கு வந்தவர்.

"ரெண்டு மணி ஷிப்டும்மா. பாஸ் இல்லாம போனா வேற ஆளப் போட்டுடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லிகினே இருக்காரு" என்று கவுன்ட்டருக்குப் பக்கத்திலிருந்த என் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

கவுன்ட்டர்காரர் வழக்கம்போல, "சர்வர் ஸ்லோ, நில்லுங்க" என்றார். என் திரையில் அதிகாரியின் இணைப்பு மட்டும் அசையாமல் கிடக்க, அதன் பின்னால் மற்றவர்களுடையவை எல்லாம் காத்துக்கிடந்தன. ஓர் இணைப்பைத் துண்டிக்க வேண்டுமென்றால் பிரிவு அதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் விதி. போன் செய்தேன். அது அவர் மேசையிலேயே கிடந்து அலறியது. பூட்டியவரே வந்து திறக்க அனுமதி தர வேண்டுமாம், என்ன கொடுமை! ஒன்றேமுக்காலுக்கு நானே துண்டித்தேன். நொடியில் எல்லாம் நகர்ந்தது. அந்த அம்மா பாஸை வாங்கிக்கொண்டு ஓடினார்.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். "ரெண்டு மணி நேரமா நான் திருத்தினது எல்லாம் போச்சு! யாரைக் கேட்டு கட் பண்ணீங்க?"

பொய். அவர் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை என்று டேட்டாபேஸின் பதிவே சொன்னது. அதை அச்செடுத்து என் விளக்கக் கடிதத்தோடு வைத்தேன். யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மெமோ வந்தது. இணைப்பைத் துண்டிக்கும் உரிமையும் பறிபோனது. இனி நான் பார்க்கலாம், தொடக் கூடாது. அன்று பஸ்ஸில் ஆத்திரத்தில் அழுதேன்.

அடுத்த மாதமும் அதே நாள் வந்தது. ஒரு மணிக்கு மறுபடி பூட்டு, மறுபடி "சர்வர் ஸ்லோ". அந்த அம்மா என் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"போன மாசம் நீதானம்மா சரி பண்ணே? இப்பவும் பண்ணு."

எழுந்து வெளியே போய் வரிசையின் முன் நின்றேன்.

"சர்வர் நல்லாத்தான் இருக்குங்க. சார் பட்டியலைத் திறந்து வச்சுட்டு சாப்பிடப் போயிருக்காரு. அவர் வந்து ஒரு பட்டனை அழுத்தினா போதும். அதைச் செய்ய எனக்கு உரிமை இல்ல."

"அவரு வூடு எங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அடுத்த பிளாக். வேப்பமரம் நிக்கிற மூணாவது வீடு."

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். வரிசை அப்படியே திரும்பி, வரிசையாகவே அவர் பின்னால் போனது. கால் மணி நேரத்தில் அதே வரிசை திரும்பி வந்தது, இந்த முறை அதிகாரி முன்னால். கைலியில் இருந்தார். வலது கையில் சாம்பார் சாதம் காய்ந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய், இடது கையால் 'ரத்து' பட்டனை அழுத்தினார்.