நான் சொன்ன 'இல்லை'

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் காதர் பாய், வெடித்துப் புண்ணான கைகளை என் முன் நீட்டினார். "வேலையாலதான் இப்படியா டாக்டர்?"

மருத்துவக் கட்டுரைத் தளத்தில் மனதில் தோன்றிய வார்த்தைகளைத் தட்டினேன். எதுவும் வரவில்லை. "அப்படி ஆதாரமில்லை பாய், வேலைக்குப் போங்க" என்றேன்.

மூன்று மாதத்தில் அவரால் சோறுகூடப் பிசைய முடியவில்லை. மருத்துவமனை நூலகர் ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவர் சீறினார். "கண்ட வார்த்தையப் போட்டா எப்படி சார் வரும்? ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு பொருள் தலைப்புக்குக் கீழ சேர்த்து வச்சிருக்காங்க. அந்தத் தலைப்பைப் போட்டுத் தேடணும்." 'தொழில்வழித் தோல் அழற்சி' என்ற தலைப்பை அவர் தேர்ந்தெடுத்ததும் திரை நிறையக் கட்டுரைகள்.

வேலையால்தான் புண் என்ற உண்மையைப் பாயிடம் சொன்னேன். "அம்புட்டு உறுதியா இல்லேன்னீகளே!" என்று கத்தினார்.

வேலையை விட்டார். புண் ஆறியும் அரிப்பு விடவில்லை. 'எனக்குத் தேடத் தெரியவில்லை' என்று அன்றே சொல்லாத என்மீது இன்றும் ஆத்திரமாக வருகிறது.